பாதி வண்டி, முழு வேலை!

நாலு கதவு, பின்னால் தொட்டி, அடியில் லேண்ட் குரூஸர் சேஸ். ஆஸ்திரேலிய விவசாயிகளும் சுரங்க வேலைக்காரர்களும் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். டொயோட்டா அங்கே இரண்டு கதவு லேண்ட் குரூஸர் பிக்கப் விற்றது, குடும்பத்தோடு போகிற பெரிய வேகனும் விற்றது. நடுவில் இருக்க வேண்டிய நாலு கதவு பிக்கப்பை மட்டும் 2012-ல்தான் ஷோரூமுக்குக் கொண்டுவந்தது. அதுவரை வேண்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய வேகன் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டில் ஏற்றி நிறுத்தி, பின்பாதியை அறுத்தெடுத்தார்கள். கம்பெனி வண்டி வந்த பிறகும் அறுப்பதை விடவில்லை.

ஆஸ்திரேலியாவில் பிக்கப்புக்கு ‘யூட்’ என்று பேர். வேகனை அறுத்து யூட் ஆக்குவது ‘யூட் சாப்’. லேண்ட் குரூஸர் 60, 80 சீரிஸ், நிஸான் பேட்ரோல், பழைய ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி என்று ஒரு தலைமுறை ஃபோர் வீல் டிரைவ் வேகன்கள் இதற்குக் கழுத்தை நீட்டியிருக்கின்றன. செய்பவர்களில் பலர் தொழில்முறை டிங்கர்கள் கிடையாது. வார நாளில் வேறு பிழைப்பு, சனி ஞாயிறில் கிரைண்டர்.

அறுப்பது ஒரு பகல் வேலை. அறுத்த இடத்தை மறுபடி வண்டியாக்குவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். பாதியில் நின்று, தார்ப்பாய் போர்த்தி, கடைசியில் ‘அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விற்பனைக்கு வரும் சாப்கள் எல்லாமே இந்த இரண்டாம் கட்டத்தில் படுத்தவை.

ஏன் அறுக்கிறார்கள்?

முதல் காரணம் துரு. பழைய வேகனில் துரு முதலில் பிடிக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள்: டிக்கி கதவின் கீழ் ஓரம், பின் ஜன்னல் ரப்பருக்கு அடி, பின்சக்கர வளைவு, கூரையோரத் தண்ணீர்க் கால்வாய். பெரும்பாலும் பின்பாதி. முன்னால் எஞ்சின் கல்லுப்போல இருக்கும். 80 சீரிஸில் வந்த 1ஹெச்இசட் என்ற 4.2 லிட்டர், 6 சிலிண்டர் டீசல், டர்போ இல்லாத, அவசரப்படாத எஞ்சின். பாடி உளுத்துப்போன பிறகும் அது ஓடத் தயாராக இருக்கும். உளுத்ததை அறுத்துவிட்டு ஓடுவதை வைத்துக்கொள்வது விவசாயி கணக்கு.

இரண்டாவது காரணம் ஸ்பிரிங். டொயோட்டாவின் 79 சீரிஸ் பிக்கப்புக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். சுமை ஏற்றினால் நிதானமாக நிற்கும், காலியாக ஓட்டினால் முதுகை எண்ணி எண்ணித் தட்டும். 80 சீரிஸ் வேகனில் நாலு சக்கரத்துக்கும் காயில். கற்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் இறங்கும்போது மனிதராக இறங்கலாம். அந்தச் சொகுசோடு ஒரு தொட்டியும் வேண்டும் என்பவருக்கு அறுப்பதைத் தவிர வழியில்லை. பேட்ரோல்காரர்கள் கதையும் இதுதான். 1988-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த, அங்கே ஃபோர்டும் மேவரிக் என்ற பேரில் விற்ற ‘ஜிக்யூ’ பேட்ரோலைப் பல வருடம் தேடித்தேடி அறுத்தார்கள்.

பின்னால் சாமானும் மனிதரும் ஒரே அறையில் இருப்பது இன்னொரு தொல்லை. டீசல் கேன், நனைந்த நாய், செம்மண் புழுதி, மீன் பெட்டி எல்லாம் வேகனில் கூடவே பயணம் செய்யும். நடுவில் ஒரு சுவர் வந்துவிட்டால் வாழ்க்கை வேறு.

1930-களிலேயே கேட்டாயிற்று

இந்தப் புத்தி அந்த ஊருக்குப் புதிதல்ல. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லேண்டிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதியதாக அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், இரண்டு வண்டி வாங்க வசதியில்லை என்பது அவருடைய வழக்கு. ஜீலாங் தொழிற்சாலையில் இருந்த லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் வேலை வந்தது. முன்னால் கண்ணாடி ஏற்றிய கார் கேபின், அதே உடலின் தொடர்ச்சியாகப் பின்னால் தொட்டி. 1934-ல் விற்பனைக்கு வந்தது.

கேபினின் பின்சுவரும் தொட்டியின் பக்கவாட்டும் ஒரே தகட்டில் ஓடுவதுதான் அந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம். இணைப்பு கிடையாது, அதனால் விரிசல் விடும் இடமும் குறைவு. இன்று வீட்டில் அறுப்பவர்கள் மல்லுக்கட்டுவது சரியாக அந்த இணைப்போடுதான். பேண்ட் 1987-ல் இறந்தார், தானே புதுப்பித்து வைத்திருந்த 1934 யூட்டை ஓட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில். ஃபோர்டு ஃபால்கன் யூட் 2016-ல் நின்றது, ஹோல்டன் யூட் 2017-ல். உள்ளூரில் யூட் தயாரிக்கும் தொழில் அத்தோடு முடிந்தது. ஷெட்டுகளில் மட்டும் நடக்கிறது.

எதை அறுக்கலாம், எதைத் தொடக் கூடாது

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள் ஓடி, குறுக்கே படிக்கட்டுப்போலக் கட்டைகள் போட்டிருந்தால், அது தனிச் சேஸ் வண்டி. பாடி அதன்மேல் ரப்பர் வைத்துப் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். சுமை, சக்கரம், இழுவை எல்லாம் சேஸின் பொறுப்பு. லேண்ட் குரூஸரும் பேட்ரோலும் இந்த ரகம்.

பாடியே சேஸாகவும் இருக்கிற மோனோகாக் வண்டியில் பின்பாதியை அறுத்தால், பாலத்தின் பாதியை அறுத்த மாதிரிதான். 2000 வாக்கில் வந்த மூன்றாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோவுக்கு முந்தைய பஜேரோபோலத் தனிச் சேஸ் கிடையாது. பேர் ஒன்று, அடி வேறு. இதைத் தெரியாமல் கிரைண்டரை எடுப்பவர் உண்டு. ஜீப் செரோக்கியும் மோனோகாக். அந்தக் கம்பெனியே அதிலிருந்து கமாஞ்சி என்ற பிக்கப்பை 1986 மாடலாகக் கொண்டுவந்தபோது, தொட்டிக்கு அடியில் தனிச் சட்டம் செய்து, அதைக் கேபினின் அடியோடு சேர்க்க வேண்டியிருந்தது. அது தொழிற்சாலை வேலை, வீட்டு ஷெட்டில் முடிகிற காரியமல்ல.

தனிச் சேஸ் வண்டியிலும் சேஸ் துருப்பிடித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் மவுண்ட் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் மேலே போகலாம். ‘பொத்’ என்றால் வண்டியை விற்றவருக்கே திருப்பிக் கொடுங்கள்.

அளவு நாடா பேசட்டும்

80 சீரிஸ் வேகனில் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை 2850 மி.மீ. டொயோட்டா தானே கட்டிய 79 சீரிஸ் பிக்கப்பில் 3180. இந்த 330 மி.மீ. வித்தியாசத்தில்தான் நாலு கதவு சாப்பின் தலைவலி மொத்தமும் இருக்கிறது. வேகனில் பின்கதவு முடியும் இடத்திலேயே பின்சக்கரம் தொடங்கிவிடுகிறது. தொட்டி வைத்தால் அதில் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் தொங்கும். அதில் தண்ணீர் டாங்க், ஸ்பேர் டயர், கேன்வாஸ் கூடாரம் என்று ஏற்ற ஏற்ற முன்சக்கரத்தின் எடை குறையும், ஸ்டீயரிங் வழுவழுவென்று ஆகும். மேட்டில் ஏறும்போது ஓட்டுபவருக்கு வானம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

ஆஸ்திரேலிய விதி, பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் நீளம் அச்சு இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 80 சீரிஸுக்கு 1710 மி.மீ. சட்டம் அதுவரை விட்டாலும் புத்தியுள்ளவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறார்கள். குட்டைத் தொட்டி போதும் என்பது என் கட்சி. பார்க்க அழகில்லை என்று நீளமாகக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆற்று மணலில் முன்சக்கரம் மிதக்கும்போது அழகைப் பற்றிப் பேசுவதில்லை.

மற்ற வழி சேஸை நீட்டுவது. நடுவில் அறுத்து, துண்டு வைத்து, பின் அச்சைப் பின்னால் தள்ளுவது. இதில் நேர்க்கோட்டில் வெட்டி அப்படியே ஒட்ட வைப்பவர் தன் உயிரை அந்தக் கோட்டின்மேல் வைக்கிறார். சட்டம் வளையும்போது அழுத்தம் முழுக்க அந்த ஒரு வரியில் சேரும். சரிவாகவோ படிபோலவோ வெட்டி, உள்ளும் புறமும் நீளத் தகடு போர்த்தி, மேல் கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டிங் ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு புரொப்பெல்லர் ஷாஃப்டை நீட்டிப் பேலன்ஸ் செய்ய வேண்டும். பிரேக் பைப், டீசல் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், பின் வயரிங் எல்லாமே நீள வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அளவெடுக்கும் வரை நம் வேலை, வெல்டிங் லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் மீதி.

அறுக்கும் நாள்

அன்று காலை பார்த்தால் வண்டி ஏற்கெனவே பாதி எலும்புக்கூடாக நிற்கும். சீட், கம்பளம், கூரைத் துணி, பின் ஸ்பீக்கர், பெல்ட் எல்லாம் வெளியே. பில்லருக்குள் ஓடும் வயர்களை வெளியே இழுத்துச் சுருட்டிக் கட்டியாயிற்று. பின் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் அந்தக் கட்டில்தான். டீசல் ஊற்றும் வாய் பின்பக்கத் தகட்டில் இருக்கிறது, அந்தத் தகடு இன்று போகப்போகிறது என்பதால் டாங்க்கும் குழாயும் கழன்று ஷெட்டுக்கு வெளியே போக வேண்டும். பேட்டரி கழற்ற வேண்டும். தரையில் ஒட்டியிருக்கும் தார் விரிப்பு பொறி பட்டால் புகைந்து பிடிக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் கிரைண்டரைக் கையில் எடுக்கக் கூடாது.

இன்னும் ஒன்று மிச்சம். கதவுத் திறப்புகளின் குறுக்கே, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கேபினுக்குள்ளும், சதுரக் குழாய்களை டாக் வெல்டிங் அடித்து நிறுத்த வேண்டும். பாடி என்பது ஒரு பெட்டி. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள், கோணிக்கொள்ளும். வேகனின் பின்பாதி போன நொடியில் மீதிப் பெட்டியும் அதையே செய்யும். இந்தக் குழாய்கள் இல்லாமல் அறுத்தால், சாயங்காலம் பின்கதவைச் சாத்த முடியாது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கதவுப் பூட்டுக்கு அது போதும்.

அப்புறம் மாஸ்கிங் டேப். கோட்டைப் பின்கதவுச் சட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், தேவைக்கு ஐந்து சென்டிமீட்டர் தாராளமாக ஒட்டுகிறார்கள். அதிகமாக விட்டதை நாளைக்கும் அறுக்கலாம். 1 மி.மீ. கட்டிங் வீல் கூரைத் தகட்டில் இறங்கும்போது வெண்ணெய்போலப் போகும், பில்லரில் வந்ததும் சத்தம் மாறும். அங்கே மூன்று அடுக்குத் தகடு ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருக்கும். வெளித்தகட்டை மட்டும் பார்த்து அறுத்தால் உள்ளே பெல்ட் மாட்டும் நட்டு இருக்கும் இடத்தைப் பிளந்துவிடுவோம். அந்த நட்டுதான் பின்சீட்டில் உட்காரும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது. கோடு அதற்குப் பின்னால்தான் ஓட வேண்டும், அழகு எங்கே சொன்னாலும்.

தரை, பக்கம், கூரை என்று சுற்றி வந்து, பாடி மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றினால், நாலு பேர் தூக்கிப் பின்னால் நகர்த்திவிடலாம்.

சுவர்

இங்கிருந்துதான் நிஜ வேலை. கேபினுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும். அது மழையைத் தடுக்க மட்டுமல்ல. பின்பாதி கொடுத்துக்கொண்டிருந்த விறைப்பை அது திருப்பிக் கொடுக்க வேண்டும், பிரேக் அடிக்கும்போது தொட்டியிலிருந்து முன்னால் பாயும் சாமானைத் தாங்க வேண்டும்.

வெறும் தகட்டை வெட்டி வைத்து ஒட்டினால் தோன்றுவது கோழிக்கூண்டு. கைதேர்ந்தவர்கள் வேறொன்று செய்கிறார்கள். அறுத்தெடுத்த பின்பாதியிலிருந்து கூரையின் கடைசி முனையை, கம்பெனி வளைவோடும் மடிப்போடும் தனியே எடுத்து, முன்னால் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். நடுக்கூரை காணாமல் போய், தலையும் வாலும் சேர்கின்றன. பார்ப்பதற்கு டொயோட்டாவே செய்தது போலிருக்கும். சிக்கல் என்னவென்றால், வேகனின் கூரை பின்னால் போகப் போகக் குறுகும், தாழவும் செய்யும். பின்முனையை முன்னால் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் பற்றாது. நடுவில் கீறி, அகட்டி, சின்னத் துண்டு வைத்து நிரப்ப வேண்டும். இந்த ஒரு பொருத்தத்துக்கே வாரங்கள் போகும். கண்ணாடிக்குப் பழைய ஹைலக்ஸ் மாதிரி ஏதாவது ஒரு பிக்கப்பின் பின் ஜன்னலைச் சட்டத்தோடு எடுத்து வைத்துவிடுவது வழக்கம். கண்ணாடியைத் தேர்ந்தெடுத்த பிறகு சுவரை வடிவமைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உலகத்தில் எங்குமே கிடைக்காத அளவில் ஒரு ஜன்னல் ஓட்டை மிஞ்சும்.

மெல்லிய தகட்டில் வெல்டிங் செய்வது பொறுமைசாலியின் வேலை. நம் பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்கிற மிக் வெல்டிங்தான் இதற்கும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு அலையடித்து நெளியும், அதைப் பட்டி வைத்து மறைக்க முடியாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, கை வைத்துப் பார்த்து ஆறவிட்டு, அடுத்த புள்ளி. மூன்று மீட்டர் இணைப்புக்கு நூற்றுக்கணக்கில் புள்ளிகள். உள்பக்கம் சதுரக் குழாயில் ஒரு சட்டம், கூரைக் கட்டையிலிருந்து தரைக்கட்டை வரை. குழந்தை இருக்கையின் மேல்வாரை இழுத்து மாட்டும் கொக்கி ஆஸ்திரேலியாவில் கட்டாயம். வேகனில் அது பின்னால் எங்கேயோ இருந்தது, இப்போது இந்தச் சுவரிலோ அதன் காலடியிலோ புதிதாக, தாங்கும் பலத்தோடு வர வேண்டும்.

கடைசியில் சீலர். இது வெறும் ஒழுகல் விவகாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஓடும் வண்டியின் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைந்து, புகையும் புழுதியும் அங்கேயே சுழலும். சுவரின் அடியில் விரல் நுழையும் சந்து ஒன்று விட்டுப்போனாலும் கேபின் அதை உள்ளே உறிஞ்சும். புழுதி கண்ணுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு தெரியாது. ஆகவே சந்துகளை அடைப்பதோடு, வேகனுக்கென்று இருந்த சைலன்ஸர் குழாயைத் தொட்டியைத் தாண்டி வெளியேறும்படி நீட்டுவதும் வேலையில் சேர்த்தி.

மிச்ச சொச்சம்

தொட்டியோ தட்டையான டிரேயோ, அது சேஸில் உட்கார வேண்டும், கேபின் தனியாக ரப்பரில் உட்காரும். மேடுபள்ளத்தில் சேஸ் முறுக்கும்போது இரண்டும் வெவ்வேறு பக்கம் அசையும், இடையில் சில விரல் இடைவெளி இல்லாவிட்டால் டிரே வந்து புதுச் சுவரில் மோதும். டிரேயை எல்லா மூலையிலும் இறுக்கிப் போல்ட் போட்டால் முறுக்குகிற சேஸை அது தடுக்கப் பார்க்கும், ஏதாவது ஒன்று விரியும். முன்பக்கம் ஸ்பிரிங் மவுண்ட்டில் விடுவது நல்லது.

காலி வண்டியில் பின்பக்கம் முன்னைவிட லேசாகிவிட்டது என்பதை பிரேக்குக்கும் சொல்ல வேண்டும். பின் அச்சோடு கம்பி போட்டு இணைத்திருக்கும் லோடு வால்வு, சுமையைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அதை மறுபடி செட் செய்யாவிட்டால் ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டி வண்டி திரும்பி நிற்கும். பின் லைட், ரிஃப்ளெக்டர், மட்கார்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கடையில் கிடைக்கும்.

பேப்பர்

சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் ஆஸ்திரேலியாவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ‘பேடாக் பேஷர்’ என்ற அந்த வண்டிகளுக்குக் கதவு இருந்தாலே ஆச்சரியம். ரோட்டுக்கு வர வேண்டுமானால் விஎஸ்பி 14 என்ற தேசிய விதித்தொகுப்பு இருக்கிறது. வண்டியின் வகையே மாறுகிறது. ஆஃப் ரோடு பயணிகள் வாகனமாகப் பதிவானது இனி இலகு சரக்கு வாகனம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் இதற்கென அனுமதி பெற்ற இன்ஜினீயர் வந்து பார்த்து, சான்றிதழ் தர வேண்டும். அவரை அறுத்து முடித்த பிறகு கூப்பிடுவது உலக வழக்கம். கிரைண்டரை வாங்குவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசியவர்களுக்குத்தான் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கிறது. வெல்டிங்கைப் பெயின்ட் போட்டு மூடிவிட்டுக் காட்டினால் அவர் சுரண்டச் சொல்வார்.

வாசகர்களில் சிலர் வாசலில் நிற்கும் பழைய பொலிரோவை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் சேர்ந்து, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றன. நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகள் வெறும் சேஸை வாங்கி லாரி பாடி கட்டுவது வேறு விஷயம். அங்கே கட்டி முடித்த பிறகுதான் வண்டி பதிவாகிறது. பதிவான காரை அறுத்தால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது ஒரு வண்டி, ரோட்டில் நிற்பது வேறு வண்டி. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆஸ்திரேலியாவிலும் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. துருப்பிடிக்காத 80 சீரிஸ் வேகன்களைச் சேகரிப்பவர்கள் வந்துவிட்டார்கள், விலையும் ஏறிவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை இன்று அறுப்பவரை அந்த வட்டாரத்தில் கொலைகாரரைப் போலப் பார்க்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். பின்னால் இடி வாங்கியது, கூரை அரித்தது, டிக்கி கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பது என்று தேடினால் அறுக்கத் தோதான வண்டி இன்னும் கிடைக்கும். அறுத்த பின்பாதிக்கும் கிராக்கி உண்டு. நல்ல டிக்கி கதவும் பக்கவாட்டுக் கண்ணாடிகளும் இருந்தால் முழு வேகன் வைத்திருப்பவர் ஸ்பேருக்கு வாங்கிக்கொள்வார். அடியில் ஒரு அச்சும் முன்னால் ஒரு கொக்கியும் வைத்து, அதையே அதே நிறத்து யூட்டின் பின்னால் டிரெய்லராக இழுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் தனி ரெஜிஸ்ட்ரேஷன்.